வடக்கறைக்காரி

நவம்பர் பிறந்துவிட்டால் ஸ்டோவர் முனைப் பெண்கள் அத்தனை பேருடைய கையும் கறுத்துப்போகும். ஃபிர் என்கிற ஊசியிலை மரத்துப் பிசின். சோப்புக்கு மசியாது, பன்றிக் கொழுப்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் எடுக்கவேண்டும். ஆண்கள் காட்டில் ஒடித்துக்கொண்டு வந்து குவிக்கிற நுனிக்கிளைகளைக் கொட்டகையில் நின்றபடி பிடிபிடியாகக் கம்பி வளையத்தில் வைத்துச் சுற்றுவார்கள். கிறிஸ்துமசுக்கு எங்கோ பாஸ்டன் பக்கத்து வீட்டுக் கதவுகளில் தொங்கப்போகிற வளையங்கள். ரொவீனா டோர் அந்தக் கொட்டகையில் கைவேகத்துக்குப் பேர்போனவள். வாய்வேகத்துக்கும்தான்.

அன்றைக்குக் கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து சாலையை விழுங்கியிருந்தது. வேலிக்கம்பியைத் தொட்டுத் தொட்டு வீடு வந்து சேர்ந்தாள். கணவன் வெர்லன் இன்னும் வரவில்லை. அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். காலையில் சாம்பலைத் தள்ளி அணைத்துவிட்டுப் போன இரும்படுப்பு கதகதவென்று இருந்தது. கெட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

வெர்லன் வந்ததும் கேட்டாள்.

"மத்தியானம் வீட்டுக்கு வந்தியா?"

"நான் எங்க வந்தேன்? படகுக் கொட்டாயில இறால் கூண்டுக்கு வலை பின்னிக்கிட்டிருந்தேன். ஏன்?"

"கெட்டில் சுட்டுச்சு."

"காலையில வச்சிருப்பே."

"காலையில வச்சது சாயங்காலம் வரைக்கும் சுட, இது என்ன நரகத்து நெருப்பா?"

"அப்ப நீதான் வேலைக்குப் போகாம வீட்ல இருந்து டீ குடிச்சிருக்கே" என்று சொல்லி அவன் பூட்ஸைக் கழற்றினான். குனிய முடியாமல் முனகினான். வாழ்நாளெல்லாம் சேற்றுவெளியில் வளைந்து நின்று சிப்பி தோண்டிய முதுகு. போன வருடத்திலிருந்து அது முழுதாய் நிமிரவும் மாட்டேன் என்கிறது, வளையவும் மாட்டேன் என்கிறது.

அடுத்த வாரம் பாத்திரத்தில் பால் குறைந்தது. பூனை இல்லாத வீடு அது. படுக்கையைச் சூடாக்க அடுப்பின் பின்தட்டில் வைத்திருக்கும் மாக்கல் இடம் மாறியிருந்தது. ஒருநாள் கரண்டி ஒன்று கழுவித் துடைத்து, அவள் வைக்கும் இடத்தில் இல்லாமல் எப்போதோ யாரோ வைத்துப் பழகிய இடம்போல, சன்னலோரத்து ஆணியில் தொங்கியது. அந்த ஆணி அங்கே இருப்பதையே அன்றுதான் கண்டாள். களவு என்று ஒன்றும் போகவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. திருடன் என்றால் எதற்கு வந்தான் என்பதாவது தெரியும்.

"ஊருக்குள்ள எவன்கிட்டயாவது சொன்னியா?" என்று வெர்லன் கேட்டான்.

"சொல்லலை. நீ?"

"நான் ஏன் சொல்றேன்? நீ பண்றதை."

"நான் பண்றதா?"

"கனெக்டிகட்டுக்கு வரமாட்டேன்னு நிக்கிறவ நீ. வீட்டுல பேய் இருக்குன்னு பேரு கிளம்பினா எவன் வாங்குவான்? அதுக்குத்தான்."

ரொவீனா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "நான் வேற மாதிரி நெனச்சேன். நீ பயங்காட்டியாவது என்னைக் கிளப்பப் பாக்குறேன்னு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள். இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

கனெக்டிகட்டில் அவர்கள் மகள் லோர்னா இருக்கிறாள். ஒரு தொழிற்சாலையில் அப்பாவுக்குக் காவல் வேலை பேசி வைத்திருக்கிறாள். உட்கார்ந்தபடி பார்க்கிற வேலை. வீட்டை விற்றால் கிளம்பிவிடலாம். ஆனால் வீட்டுப் பத்திரத்தில் ஒரு வரி இருந்தது. கார்ல்டன் ஃபோஸிடம் வாங்கியபோது அவன் மறைக்கவில்லை. சிரித்துக்கொண்டே விரல்வைத்துக் காட்டினான். கார்ல்டனின் தாத்தா வீட்டை மகனுக்கு எழுதியபோது, கல்யாணமாகாத மகள் செல்ஃபாவுக்கு வடக்கு அறையை அவள் ஆயுள் உள்ளவரை ஒதுக்கியிருந்தார். சமையலறை வழியாகக் கடந்துபோகவும், அடுப்பில் சமைக்கவும், கிணற்றில் நீர் எடுக்கவும் உரிமை. வீடு எத்தனை கை மாறினாலும் அந்த வரி கூடவே வரும். செல்ஃபா கார்ல்டனுக்கு அத்தை. அவன் வாலிபனாக இருந்தபோதே ஒருநாள் பேருந்து ஏறிப் போனவள், போனவள்தான். ஒரு கடிதம் இல்லை.

"இருந்தா எழுபதைத் தொட்டிருப்பா" என்று கார்ல்டன் அப்போது சொன்னான். "தைரியமா கையெழுத்துப் போடு. ரூம் சாவி மட்டும் என்கிட்ட இல்ல. எடுத்துக்கிட்டுப் போயிட்டா, கிழவி."

வடக்கு அறைக்கு இரண்டு கதவு. ஒன்று சமையலறைக்குள் திறப்பது. குளிர்காற்று வருகிறதென்று வெர்லன் அதில் குறுக்குச் சட்டம் வைத்து ஆணி அடித்துவிட்டான். மற்றது பின்பக்க விறகுக் கொட்டிலுக்குள் திறப்பது, பூட்டியே கிடந்தது. சன்னல்களைக் கார்ல்டன் எப்போதோ பலகை வைத்து அடைத்திருந்தான். அடுத்தவள் அறை என்பதால் அவர்கள் அதைத் திறக்க நினைத்ததேயில்லை.

ஒரு விடிகாலை வெர்லன் விறகெடுக்கப் போயிருந்தான். ரொவீனா முழங்காலிட்டுச் சமையலறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆணி அடித்த கதவின் கீழிடுக்கில் குளிர்காலம் முழுக்கக் கத்தி போல ஒரு காற்று வரும். அன்று கை அங்கே போனபோது காற்று குளிரவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது. ஈரக் கம்பளி வாசனை, லேசாகக் கற்பூரம். சாவித்துளையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பு கையில் பட்டது, நின்றது, மறுபடி பட்டது, நின்றது.

அவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அந்தப் பக்கம் இருப்பதற்குத் தெரிந்துவிடும் என்று தோன்றியது.

*

மாதத்தின் முதல் செவ்வாயன்று உழவர் சங்கக் கூடத்துக்கு ஒரு சட்டக்காரப் பெண் வருவாள். டயான் தெரியோ என்று பெயர். வடக்கே பிரெஞ்சு பேசுகிற ஊர்க்காரி, சின்ன வயது. யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம். முனையில் இருப்பவர்களுக்குச் சட்டம் என்றால் பயம். ஓசியில் கிடைக்கிறது என்றால் ஆசை. கூடம் நிறைந்திருந்தது.

ரொவீனாவுக்கு முன்னால் ஒரு கிழவர். "ரோட்டுல ஒரு மூஸ் மான் என் வண்டியில வந்து விழுந்து செத்துச்சு. கறி யாருக்கு?"

"காட்டு வார்டன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா அவன்ல தின்னுடுவான்."

"சொல்லி, சீட்டு வாங்கினா கறி உங்களுக்குத்தான். சொல்லாம வெட்டினா குத்தம்."

"சரி, ஏற்கெனவே வெட்டித் தின்னு முடிச்சவனா இருந்தா?"

டயான் சிரிக்காமல், "தின்னு முடிச்சவர் இப்படிப் பொது இடத்துல கேக்காம இருக்கறது நல்லது" என்றாள். கூடம் சிரித்தது.

அடுத்து ஒரு நடுவயசுக்காரி. பக்கத்து வீட்டு ஃபிர் மரம் தன் எல்லைக்குள் கிளை நீட்டியிருக்கிறது, அந்த நுனியை ஒடித்து வளையம் கட்டலாமா என்று கேட்டாள். எல்லைக் கோடு வரைக்கும் வெட்டலாம், தாண்டினால் திருட்டு என்று பதில் வந்தது. "கோடு எங்க இருக்குன்னு மரத்துக்குத் தெரியுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனாள்.

ரொவீனா உட்கார்ந்தாள். கொழுப்புத் தேய்த்தும் போகாத கறுப்புக் கையை மடியில் மறைத்துக்கொண்டாள். பத்திரத்து வரியைச் சொன்னாள். டயான் முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தம்மா உயிரோட இருக்காங்களா?" என்றாள்.

"யாருக்கும் தெரியாது."

"தெரியலைன்னா, கோர்ட் சொல்ற வரைக்கும் இருக்காங்கன்னுதான் வச்சுக்கணும். அந்த ரூம் அவங்களோடது. பூட்டை உடைக்கக் கூடாது. ஆணி அடிச்சிருக்கீங்களே, அதுவே தப்பு."

"சொல்லாம கொள்ளாம வரலாமா? வீட்டை வாடகைக்கு விட்டவங்க முன்கூட்டிச் சொல்லிட்டுத்தான் வரணும்னு எங்க கொட்டாயில பேசிக்கிட்டாங்க."

"அது வீட்டுக்காரருக்கு. இவங்க வேற. சொந்த ரூமுக்குப் போறவங்க யாரைக் கேக்கணும்?"

"அடுப்பு?"

"மூட்டலாம். அதுவும் எழுதியிருக்கே."

"அவங்க உயிரோட இல்லைன்னா?"

"இல்லைன்னா உரிமையும் இல்ல. பல வருஷமா தகவலே இல்லாத ஆள்னா கோர்ட்ல மனு போடலாம். பேப்பர்ல விளம்பரம் குடுக்கச் சொல்லுவாங்க. யாரும் வரலைன்னா செத்துட்டதா தீர்ப்பாகும். அப்புறம் வீடு முழுசும் உங்களோடது."

"நான் கேக்கறது அதில்லம்மா. உயிரோட இல்லாதவங்க வந்தா?"

டயானின் பேனா நின்றது. முன்னால் இருக்கும் பெண்ணின் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

"அதுக்கு ஒண்ணும் எழுதி வைக்கலைங்க" என்றாள் மெதுவாக.

*

வீட்டில் இதைச் சொன்னதும் வெர்லன் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டான். செத்துவிட்டதாகத் தீர்ப்பு வாங்கலாம். அந்த வாரமே போய் மனு எழுதினான். கார்ல்டன் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டான்.

ஒரு சனிக்கிழமைச் சாயங்காலம் பத்திரிகை வந்தது. சனிக்கிழமை என்பதால் ஊர் வழக்கப்படி அடுப்பில் பன்றிக்கொழுப்பும் வெல்லப்பாகும் போட்ட பீன்ஸ் நாள் முழுக்க வெந்து கிடந்தது. வெர்லன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு சத்தமாகப் படித்தான்.

"ஸ்டோவர் முனையைச் சேர்ந்த செல்ஃபா ஃபோஸ், உயிருடன் இருப்பின், கீழ்க்கண்ட நாளில் நீதிமன்றத்தில் முன்னிலையாகவேண்டும். தவறினால்…"

ஆணி அடித்த கதவுக்கு அப்பால் ஏதோ ஒன்று மெதுவாக வைக்கப்பட்டது. விழுந்த சத்தம் இல்லை. கையில் இருந்ததை ஒருவர் சத்தம் வராதபடி கீழே வைக்கிற சத்தம்.

"எலி" என்றான் வெர்லன்.

"ஆமா" என்றாள் ரொவீனா.

மறுநாளிலிருந்து அவள் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு கிண்ணத்தில் எதையாவது ஊற்றி அடுப்பின் பின்தட்டில் மூடி வைத்துவிட்டுப் போனாள். மீன் கஞ்சி, பீன்ஸ், ஒருநாள் உப்புக்கருவாட்டுப் பிசையல். திரும்பி வந்தால் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருக்கும். யாருக்கு வைக்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டாள். வெர்லனிடம் சொல்லவில்லை. கதவைத் தட்டி யார் என்று கேட்கவுமில்லை. பதில் வந்துவிட்டால் என்ன செய்வது?

கிறிஸ்துமஸ் போயிற்று. வளைய வேலை முடிந்து நண்டுச்சதை பிரிக்கிற வேலைக்குப் போனாள். பனி சன்னல்வரை ஏறியது. விறகுக் கொட்டிலில் விறகு எடுக்கப்போன வெர்லன் ஒருநாள் அதிக நேரம் நின்றுவிட்டு வந்தான். பூட்டிய கதவருகே யாருடைய காலிலிருந்தாவது பனி உதிர்ந்து கிடந்ததா என்று அவள் கேட்கவில்லை. அவனும் எதையும் சொல்லவில்லை. உண்ணும்போது மட்டும் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தான். பிறகு இருவருமே அப்படித்தான் பேசினார்கள். சொந்த வீட்டில் குசுகுசுவென்று.

தீர்ப்பு நாளன்று கார்ல்டன் வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்து, அத்தை போனபிறகு ஒரு சொல்லும் கேட்டதில்லை என்றான். உண்மைதான். நீதிபதி தூக்கக் கலக்கத்தோடு தலைநிமிர்ந்தார்.

"இந்தப் பெண் உயிரோடு இருக்கலாம்னு நம்பக் காரணம் உள்ளவங்க யாராவது இருக்கீங்களா?"

ரொவீனா பெஞ்சில் இருந்தாள். கெட்டில் சுட்டது என்றா சொல்வது? சாவித்துளையில் மூச்சு வந்தது என்றா? எழுந்து நின்று அதைச் சொல்வதுபோல ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். பக்கத்தில் வெர்லன் தன் முதுகைப் பிடித்துக்கொண்டு பலகையின் நுனியில் உட்கார்ந்திருந்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. நீதிபதி எழுதினார். செல்ஃபா ஃபோஸ் இறந்தவள் ஆனாள்.

வெளியே வந்ததும் கார்ல்டன் வெர்லனின் தோளைத் தட்டினான். "வா, கடப்பாரை தர்றேன். போயி கதவைத் திறந்து பாரு. எலிக்குஞ்சுதான் இருக்கும்."

பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் வண்டியில் ரொவீனா தனியாக வீடு திரும்பினாள்.

*

கதவைத் திறந்தபோதே உருளைக்கிழங்கு வெங்காயத்தோடு வதங்குகிற வாசனை. அடுப்பின் முன்னால் ஒரு நெட்டையான உருவம் நின்றிருந்தது. ஆண்பிள்ளை ஓவர்கோட்டு, காதுக்கு மேலே கத்தரித்த வெள்ளை முடி. திரும்பவில்லை.

"கதவைச் சாத்து, பொண்ணே. சூடு வெளிய போகுது."

ரொவீனா சாத்தினாள்.

"என்னைச் சாகடிச்சாச்சா?"

"ஆச்சு."

"எப்ப?"

"மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னாடி."

"அப்ப நான் கிழங்கு உரிச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள் செல்ஃபா ஃபோஸ். யோசித்துப் பார்ப்பதுபோலச் சற்று நின்றாள். "ஒண்ணும் தெரியலை."

அவள் திரும்பியபோது ரொவீனா அந்தக் கைகளைப் பார்த்தாள். வெந்நீரில் ஆண்டுக்கணக்காக ஊறிச் சிவந்து, கணுவெல்லாம் வீங்கிய கைகள். உயிருள்ள கைகள். நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பேய் என்றால் தான் இன்று செய்ததற்கு இவ்வளவு கனம் இருந்திருக்காது.

"எப்பலேருந்து இங்க இருக்கீங்க?"

"இலை உதிர்றப்ப வந்தேன். வடக்கே உருளைக்கிழங்கு விளையற பக்கத்துல, ஒரு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல இருந்தேன். கை விழுந்துபோச்சு, போன்னுட்டாங்க. சாவி இருந்துச்சு. வந்தேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கதவைத் தட்டியிருக்கலாமே."

"என் ரூமுக்கு நான் ஏன் தட்டணும்?" குரலில் கோபமில்லை. "அந்தப் பக்கத்துக் கதவைத்தான் தள்ளிப் பாத்தேன். ஆணி. ஆணி அடிச்சு வச்சிருக்கற வீட்டுல போய் நான் இருக்கேன்னு எப்படிச் சொல்றது? நீங்க வேலைக்குப் போனப்புறம் சுத்திக்கிட்டு வந்து அடுப்பை மூட்டுவேன். அப்பா எழுதினதுக்கு மேல ஒண்ணும் தொடலை. பால் மட்டும் தொட்டேன். அது தப்பு."

"பேப்பர்ல போட்டதைக் கேட்டீங்க."

"கேட்டேன். உன் புருஷனுக்கு நல்ல குரல்."

"அப்ப ஏன் கோர்ட்டுக்கு வரலை?"

"வந்திருந்தா, திரும்பி வர்றப்ப அந்தக் கொட்டில் கதவு திறக்குமா? வெளிய போனா உள்ள வரமுடியாதுன்னு ஒருதரம் பாத்துட்டேன், பொண்ணே. இன்னொருதரம் போற வயசில்ல." வாணலியைக் கிளறினாள். "உனக்குச் சட்டம் தெரியுமாமே. அந்தப் பிரெஞ்சுக்காரப் பொண்ணுகிட்டக் கேட்டியே. செத்தவளை வீட்டை விட்டு வெளிய தள்ளலாமா?"

"உரிமை போயிடுச்சுன்னு சொல்றாங்க."

"நான் நேர்ல போய் உயிரோட இருக்கேன்னா?"

"அப்ப உரிமை திரும்பிடும்."

"நான்தான் நான்னு யார் சொல்லணும்? கார்ல்டனா? அவன் இன்னைக்குத்தானே சத்தியம் பண்ணினான்."

அந்த அம்மாள் வாணலியை இறக்கி, கரண்டியை அதற்குள் வைத்து, துணியால் பிடியைச் சுற்றிக்கொண்டு கொட்டில் பக்கம் நடந்தாள்.

"எங்க போறீங்க? இங்கயே உக்காந்து சாப்பிடுங்க."

"எழுதலை."

"என்ன எழுதலை?"

"கடந்து போகலாம், சமைக்கலாம். உக்காரலாம்னு அப்பா எழுதலை. கார்ல்டனோட அம்மா தினம் ஒருதரம் அதைச் சொல்லுவா. பானையைத் தூக்கிக்கிட்டு அந்தப் பனிக்கட்டி ரூம்ல போயி நின்னுக்கிட்டே தின்னுவேன். அதுல ஒருநாள்தான் பஸ் ஏறினேன்."

ரொவீனா மேசையடியிலிருந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். கால்கள் தரையில் கிரீச்சிட்டன. "இது என் சமையக்கட்டு. நான் சொல்றேன். உக்காருங்க."

செல்ஃபா நாற்காலியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"செத்தவங்க உக்காரலாமா?"

"செத்தவங்களைத் தடுக்கச் சட்டத்துல இடமில்ல."

அவள் மெல்ல உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், படகில் உட்காருகிறவள்போல. ரொவீனா தட்டு எடுத்து வைத்தாள்.

அந்நேரம் பார்த்து வெர்லன் கடப்பாரையோடு உள்ளே வந்தான்.

"யாரு இது?"

"வடக்கறைக்காரி" என்றாள் ரொவீனா.

அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். "கோர்ட்டு சொல்லிடுச்சே" என்றான் கடைசியில்.

"கேள்விப்பட்டேன் தம்பி" என்றாள் செல்ஃபா, கிழங்கை மென்றபடி. "இப்ப என்ன பண்ணணும்? படுத்துக்கவா?"

வெர்லன் மனைவியைக் கையைப் பிடித்து விறகுக் கொட்டிலுக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே பூட்டில்லாமல் வடக்கு அறைக் கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே இரும்புக் கட்டில், மடித்த கம்பளி, ஒரு மூட்டை. அவ்வளவுதான்.

"ரோ, கேளு. தீர்ப்பு கையில இருக்கு. நீ வாயைத் தொறக்காதே. வசந்தத்துல வீட்டை வித்துட்டுப் போயிடலாம்."

"அவங்க?"

"எங்கயாவது போகட்டும். எங்கிருந்து வந்தாளோ அங்க."

"இந்தப் பனியிலயா?"

"யாரு கேக்கப்போறா? ஊருல ஒருத்தனுக்கும் தெரியாது அவ வந்தது. செத்துப்போனவளைக் காணோம்னு யாரும் புகார் குடுக்க முடியாது."

சொல்லி முடித்தபிறகு அது அவன் காதுக்கே எட்டியது. தன் கையைக் குனிந்து பார்த்தான். கடப்பாரை இன்னும் அதில் இருந்தது. ரொவீனா ஓரடி பின்வாங்கி நின்றாள். வெளியே பனி, காற்றில்லாமல் நேராக விழுந்துகொண்டிருந்தது. தான் பயந்தது அவளுக்குத் தெரிந்தது. அவள் பயந்ததை அவன் பார்த்ததும் தெரிந்தது. பயப்படவேண்டியது கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு விட்டதற்குத்தான் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தோமே என்று ஒரு எண்ணம் ஓடியது.

"நான் அப்படி நெனைக்கலை" என்றான் வெர்லன்.

"தெரியும்."

"சத்தியமா, ரோ."

"இன்னைக்கு சத்தியம் போதும். உள்ள வா."

அவன் சமையலறைக்குப் போய், உண்டுகொண்டிருந்தவளைப் பார்க்காமல் கடந்து, ஆணி அடித்த கதவின் முன்னால் நின்றான். கடப்பாரையின் நுனியைச் சட்டத்துக்கடியில் கொடுத்து நெம்பினான். முதுகில் வலி வெட்டியது, பல்லைக் கடித்துக்கொண்டான். ஆணிகள் ஒவ்வொன்றாகக் கத்திக்கொண்டு வெளியே வந்தன.

*

ரொவீனா டயான் தெரியோவிடம் போய்ச் சொன்னாள். தீர்ப்பை மாற்றலாம், ஆனால் ஆள் நேரில் வந்து நிற்கவேண்டும் என்றாள் டயான். செல்ஃபா முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள்.

"நான் இல்லாமலே சாகடிச்சாங்க இல்ல? நான் இல்லாமலே பொழைக்க வைக்கட்டும்."

அதனால் தீர்ப்பு அப்படியே நின்றது. வெர்லன் மகளுக்குத் தொலைபேசியில், இப்போதைக்கு வரமுடியாது என்றான். ஏன் என்று கேட்டதற்கு, வீட்டில் ஆள் இருக்கிறது என்றான். கார்ல்டன் ஒருநாள் முற்றம்வரை வந்தான். சன்னல் வழியாகப் பார்த்தவன், வண்டியை அணைக்காமலே திரும்பிப் போய்விட்டான். அதன்பிறகு ஊரில் வெர்லனைக் கண்டால் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனான்.

குளிர்காலம் முழுக்க வெர்லன் அந்த அம்மாளோடு நேராகப் பேசவில்லை. "அவளுக்கு ரொட்டி வேணுமா கேளு" என்பான், அவள் எதிரிலேயே. அவளும் "தம்பி வெண்ணெயைத் தள்ளுமான்னு கேளு" என்பாள். ஆனால் அவள் சொன்னபடி கூண்டு வலையில் முடிச்சை மாற்றிப் போட்டான், இழுத்தாலும் அவிழவில்லை. காலையில் அவள் கதவைத் திறந்து, யாரும் சொல்லக் காத்திராமல் நாற்காலியில் உட்காருவாள். ரொவீனா கஞ்சி ஊற்றுவாள். இரவில் அறையிலிருந்து இருமல் கேட்கும். அது கேட்டால் இப்போது அவர்களுக்குத் தூக்கம் வந்தது.

மார்ச்சில் பனி இளகி முற்றம் சேறானது. ஒரு காலை கஞ்சி ஆறியது. வடக்கு அறைக் கதவு திறக்கவில்லை.

ரொவீனா கிண்ணத்தோடு கதவருகே போய் நின்றாள். "மிஸ் ஃபோஸ்" என்றாள். காத்திருந்தாள். மறுபடி கூப்பிட்டாள்.

வெர்லன் மேசையிலிருந்து எழுந்து வந்தான். "உள்ள போய்ப் பாரு."

"எப்படிப் போறது? அவங்க ரூம்."

"ரோ. அவங்க போயிட்டாங்க."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். முன்பொருமுறை இதே கேள்விக்குத் தானும் கார்ல்டனும் நீதிபதியும் எத்தனை சுலபமாகப் பதில் சொன்னோம் என்று நினைத்திருக்கவேண்டும். முகம் மெல்லச் சிவந்தது. அவள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு வந்தான். முதுகை முடிந்தமட்டும் நிமிர்த்திக்கொண்டு, விரல்மடக்கால் கதவை மெதுவாகத் தட்டினான்.

"மிஸ் ஃபோஸ், நான் வெர்லன்" என்றான். அந்த அம்மாளிடம் அவன் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. "உள்ள வரட்டுமா?"

காத்திருந்தார்கள். வயதான ஒருத்தி படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, முடியைக் கோதி, கோட்டைப் போட்டுக்கொண்டு, வா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார்கள். கூரையிலிருந்து பனி சொட்டியது. பிறகு வெர்லன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தாழ்ப்பாளைச் சத்தம் வராமல் தூக்கினான்.